சஹனில் அவர் பங்கு

புற்றுநோய் முற்றிய ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று பார்க்கத்தான், தாதியான நான் உக்குவளையில் அவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளைத் தொப்பி, இரண்டு மடிப்பு மடித்தும் நழுவும் சாரம். வருகிறவர்களை எல்லாம் சாப்பிடச் சொல்லும் பழக்கம்.

"சாப்பாட்டுல கொறையில்ல மிஸ். எங்களோட ஒரே சஹன்லதான் உக்காருறாரு. ஒரு சோறு மிஞ்சாது," என்றார் மனைவி. கணவரின் மெலிந்த கையைச் சுற்றிய என் அளவுநாடா வேறு கதை சொன்னது.

பகலில் சஹன் என்கிற அந்தப் பெரிய தாம்பாளத்தைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்தது. அவர் சோற்றைப் பிசைந்தார், மகள் பக்கம் தள்ளினார், கையை வாய்க்குக் கொண்டுபோனார். விரல்களில் ஒரு பருக்கை இல்லை. வாய் மட்டும் மென்றது.

வாசலில் அவரிடம், அண்ணனைக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டேன். "ஏன் நானா இப்படி?"

"எறங்குதில்ல மிஸ். சொல்லிராதீங்க. தனிக் கோப்பையில கஞ்சி வெச்சாங்கண்டா, நான் சஹன்லருந்து எழும்பிட்டேன்னுதான் அர்த்தம்."

உள்ளேயிருந்து மனைவி சஹனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாத்தீங்களா மிஸ், இண்டைக்கும் காலி!"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு, மறுபடியும் மெல்லத் தொடங்கினார். எதை மென்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.