தொட்டிக்குப் போன கன்னிமார்

பின்பக்கத் துவைகல்லின் மேல் ஏழு கற்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் கனகலட்சுமி. ஹாலில் இருக்கும் மீன்தொட்டிக்குள் அழகுக்குப் போட, தம்பி கோபிநாத் ஏரிக்கரையிலிருந்து பைக்கில் அள்ளிவந்த கற்கள். மனை போடுகிறவர்களின் பொக்லைன் கரையைத் தள்ளியபோது சிதறிக் கிடந்தவை.

கனகலட்சுமிக்கு ஐம்பது நெருங்குகிறது. புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்ட பிறகு, படப்பையில் தம்பி வீட்டுக்கு ஒரு பையோடு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். இருட்டோடு எழுந்து தம்பியின் முதல் ஷிஃப்டுக்கு டிபன் கட்டுவதிலிருந்து ரேஷன் கடை வரிசை வரைக்கும் அவள்தான். அவளுக்கென்று இருந்தது பின்ரூம். அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம். இப்போது அதற்கும் ஆபத்து. தம்பி பெண்டாட்டி சசிரேகாவின் அம்மா இங்கேயே தங்குவதற்கு வருகிறாள்.

கோபிநாத் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலை ஓயாது. ரசத்தைக்கூட செக் பண்ணித்தான் பாஸ் போடுவான். கல் விஷயத்தை போனில் வீடியோ பார்த்துக் கற்றிருந்தான்.

"பிரஷ் மட்டும்தான். சோப்பு போடவே கூடாது, மீனு செத்துப்பூடும். அடுப்புல வெச்சிக் கொதிக்க வுடாத, கல்லு வெடிக்கும். கொதிக்கிற தண்ணிய மேல ஊத்து, அவ்ளோதான்" என்றான். வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அவனே பார்த்தான். "நுரைச்சா சுண்ணாம்புக் கல்லு. தண்ணிய கெடுத்துடும். ஒண்ணும் நுரைக்கல. எல்லாம் ஓகே."

பிறகு குரலைத் தாழ்த்தினான். "இதையாவது ஒழுங்கா பண்ணுக்கா. ரூம் விஷயமா அவகிட்ட நான் பேசறேன்."

பேசறேன் என்று சொன்னதே அவளுக்குப் போதும். இடுப்புவலியை மறந்து தேய்த்தாள்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றியபோதுதான் விளக்கெண்ணெய் வாசனை எழுந்தது. தண்ணீரின் மேல் எண்ணெய் ஆடை கட்டியது. பாசி போன இடத்தில், கல்லின் வெடிப்புக்குள் மஞ்சள். கனகலட்சுமி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். ஏரிக்கரையில் வரிசையாக நட்டு, எண்ணெய் பூசி, மஞ்சள் வைத்துக் கும்பிடுகிற ஏழு கன்னிமார்.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னாள். "கோபி, இது கன்னிமாருடா. யாரு வூட்டு கொலசாமியோ. திருப்பி வெச்சிட்டு வந்துடு."

கோபிநாத் சிரித்தான். "சாமியா இருந்தா பொக்லைன்காரன் கையதான மொதல்ல புடிச்சிருக்கணும்? அவன் நல்லாத்தான கீறான்."

"வேலைய தட்டிக் கழிக்க அண்ணிக்கு சாமி வேற வந்து ஒத்தாச பண்ணுது" என்றாள் சசிரேகா. "ஞாயித்துக்கெழம எங்கம்மா வரதுக்குள்ள தொட்டியில கல்லு இருக்கணும்."

கனகலட்சுமி திரும்பிப் போய் மறுபடி வெந்நீர் வைத்தாள். ஊற்ற ஊற்ற எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. எத்தனை வருஷத்து எண்ணெயோ, கல்லுக்குள்ளேயே ஊறிப் போயிருந்தது. வாளியில் போட்டு ஊறவைத்தாள். காலையில் பார்த்தால் மறுபடி ஆடை. சனிக்கிழமை பொழுது சாயும்போது, 'இன்னும் ஆவலியா?' என்று கோபிநாத் உள்ளேயிருந்து கத்தினான்.

அவள் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை எடுத்தாள். "மன்னிச்சிக்கோங்க தாயிங்களா" என்று முனகிக்கொண்டே, அடிப்பிடித்த குண்டானைத் தேய்ப்பது போல ஏழு பேரையும் கம்பிநாரால் தேய்த்தாள். நுரை போகிறவரைக்கும் அலசினாள். எண்ணெய் போய்விட்டது. கோபிநாத் ஒரு கல்லைத் தடவிப் பார்த்து, "ம், பாஸ்" என்று சொல்லித் தொட்டிக்குள் இறக்கினான்.

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு மீன், கொளத்தூர் மீன்கடையில் வாங்கியது. ஆரஞ்சு நிறம், தலையில் பெரிய புடைப்பு. வீட்டுக்கு வாஸ்து என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. சசிரேகாவின் அம்மா ஆட்டோவை விட்டு இறங்கும் நேரத்தில் பக்கவாட்டில் மிதந்தது.

கிழவி குளிக்கப் போனதும் கோபிநாத் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தான். வெடிப்பில் விரலை விட்டு முகர்ந்தான்.

"எலுமிச்சம்பழ வாசன வருது."

கனகலட்சுமி மறைக்கவில்லை. "எண்ணெ போவல கோபி. அதான் கொஞ்சூண்டு சோப்பு..."

"எத்தினி தாட்டி சொன்னேன்?"

சசிரேகா சிரித்தேவிட்டாள். "சாமின்னு சொன்னதும் அண்ணிதான், அதுக்குப் பாத்திர சோப்பு போட்டதும் அண்ணிதான். சாமிக்கே இந்த கதின்னா மீனு எம்மாத்திரம்?" செத்த மீனை வடிதட்டால் அள்ளி, கேரிபேக்கில் போட்டு, கனகலட்சுமியின் கையிலேயே கொடுத்தாள். "குப்ப வண்டி வந்தா போட்டுடுங்க. அப்படியே பாயையும் எடுத்துடுங்க. அம்மாவுக்குக் கட்டில் போடணும்."

கோபிநாத் கையைத் துடைத்துக்கொண்டான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "சுங்குவார்சத்திரத்துல கம்பெனி பொண்ணுங்க ஹாஸ்டல் ஒண்ணு கீதுக்கா. சமையலுக்கு ஆள் கேட்டாங்க. தங்க எடமும் உண்டு. நாளைக்கு நானே கொண்டுபோயி வுடறேன்" என்றான்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. அதுக்குள்ள யார்கிட்டடா கேட்ட?"

"போன வாரமே சொல்லி வெச்சிட்டேன்."

கையிலிருந்த கேரிபேக்கிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. சசிரேகா தரை துடைக்கிற துணியைக் கொண்டுவந்து அவள் காலருகில் போட்டாள்.

கனகலட்சுமி தம்பியைப் பார்த்தாள். "போன வாரம்னா, எனக்காகப் பேசறேன்னு சொன்னியே, அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

கோபிநாத் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அன்றைக்கு ஓவர்டைம் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஹாலை விட்டு வெளியே போனான்.