பக்கத்துக் கடைக்குக் கிடைத்த காசு

இரண்டு வருடத்துக்கு முன்பு, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கொஞ்ச நாள் இருக்கும்போது நடந்தது இது. கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கிட்ட உள்ள கடை வரிசையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஸ்கூல் பேக், சப்பாத்து, குடை விற்கிறேன். எனக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அந்தப் பக்கத்தில் பெண்களுக்கு உடுப்புத் தைத்து விற்கிறாள் ஒருத்தி. கம்பளையிலிருந்து கல்யாணம் கட்டி வந்தவள். என்னைவிட இளையவள், வாய்க்கு வாய் அக்கா என்பாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்! மழை பெய்தாலும் அவள் கடையில் ஆள் நிற்கும். மழை பெய்தால் என் கடையில் அல்லவா நிற்க வேண்டும், குடை விற்பவள் நான்தானே? அவள் சிங்களம் பேசினால் சிங்களவர்களே ஆச்சரியப்படுவார்கள். என் சிங்களம் பேரம் பேசக் காணும், சண்டை பிடிக்கக் காணாது. அவள் புருஷன் பகல் சாப்பாட்டை வீட்டிலிருந்து சுடச்சுடக் கொண்டுவந்து கொடுப்பான். என் வீட்டுக்காரர் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். மாலையில் வந்து இறங்கியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு என்னா கறி?" இதையெல்லாம் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

இனி வங்கிக் கதைக்கு வருகிறேன். எங்கள் வரிசைக் கடைக்காரர்களிடம் ஒரு தந்திரம் இருந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தமாகச் சாமான் எடுக்கும்போது காசு கொடுக்க மாட்டோம், பின்னொரு நாளுக்குத் தேதி போட்டுச் செக் கொடுப்போம். அந்தத் தேதியைப் போயா நாளாகப் பார்த்துப் போடுவோம். போயா என்பது பௌர்ணமி விடுமுறை, அன்றைக்கு வங்கி பூட்டு. ஆனால் கண்டிக்கு வந்து போகிற சனத்தால் எங்களுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம். அந்தக் காசை மாலையில் வங்கிக்கு வெளியே உள்ள மெஷினில் போட்டுவிட்டால், அடுத்த நாள் செக் வரும்போது கணக்கில் இருக்கும். ஒரு நாள் லாபம் என்று எங்களுக்குள் பெரிய கெட்டிக்காரத்தனம்.

ஆனால் எங்கள் வங்கி போயாவில் மெஷினில் விழுந்த காசை அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகுதான் கணக்கில் ஏற்றும். செக்கோ காலையிலேயே வந்துவிடும். கணக்கில் காசு இல்லை என்று வங்கி தன் காசைக் கொடுத்துச் செக்கைப் பாஸ் பண்ணிவிட்டு, அதற்கு மேலதிகப் பற்று என்று பெயர் வைத்து, ஒரு கட்டணமும் வட்டியும் பிடிக்கும். ஓவர்டிராஃப்ட் என்பதைச் சுருக்கி நாங்கள் ஓடி என்று சொல்வது அதைத்தான். நான் அதை வேண்டும் என்று கேட்டதே இல்லை. போனில் இங்கிலீஷில் மெசேஜ் வரும், வங்கி ஏதோ பண்டிகை வாழ்த்து அனுப்புகிறது என்று நினைத்து அழித்துவிடுவேன். இப்படியே மாதா மாதம் போனது.

ஒரு நாள் காலையில் பக்கத்துக் கடைக்காரி ஒரு தட்டில் கேக் துண்டோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, பேங்க்ல அநியாயமா புடிச்ச சல்லியெல்லாம் திருப்பித் தந்துட்டாங்க! போயா அன்னைக்கே என் சல்லி ஒங்க மெஷினுக்குள்ள வந்துருச்சு, சல்லிய கையில வச்சுக்கிட்டே இல்லன்னு சொல்லித் தண்டம் வாங்குறீங்களேன்னு கேட்டேன். மெஷின்ல வந்த துண்டெல்லாம் காட்டினேன்."

அந்தக் காசோடு சீட்டுக் காசையும் சேர்த்துக் கம்பளையில் ஒருவரிடம் பழைய ஓவர்லொக் மெஷின் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னாள். ஓரம் அடிக்க உடுப்பையெல்லாம் வெளியே கொடுத்து எடுக்கிற செலவு மிச்சமாகுமாம். பிறகு, "நீங்களும் கேளுங்கக்கா, நான் கூட வர்றேன். ஆனா கேக்குறதுக்கு முந்தி..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"எனக்கு அந்தப் பிச்சக் காசு வேணாம்மா" என்று வெட்டிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சும்மா சொல்லக்கூடாது, கேக் நல்ல கேக். அதுவும் எனக்கு எரிந்தது.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே வங்கி, ஒரே போயா, ஒரே தண்டம். அவளுக்கு மட்டும் காசு, எனக்குக் கேக்கா? பல்லைக் காட்டிப் பேசி வாங்கியிருப்பாள் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர், "அப்ப நீயும் போய்க் கேளேன்" என்றார். அந்த மனுஷனுக்கு என் பக்கம் பேசவே தெரியாது.

அடுத்த நாள் தனியாகப் போனேன். வங்கியில் இருந்த சிங்கள அம்மா கொஞ்சம் தமிழ் பேசுவார். கதிரையில் உட்காருங்கள் என்றார். நான் உட்காரவில்லை. "பக்கத்துக் கடைக்குக் குடுத்தீங்க, எனக்கு மட்டும் ஏன் இல்ல? ஒங்க ஓடிய நான் எப்ப கேட்டேன்?" என்று வங்கியே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. முறைப்பாடு எழுதித் தாருங்கள், துண்டுகளைக் கொண்டு வாருங்கள், விசாரிக்க நாள் எடுக்கும் என்றார். ஓடி வேண்டாம் என்றால் அதையும் எழுதித் தரலாமாம், இனிமேல் பிடிக்க மாட்டார்களாம்.

"தாங்க, இப்பவே தாறேன்!" என்று அந்த ஓடி வேண்டாம் படிவத்தை வாங்கி, பேனை முறிகிற மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது பக்கத்துக் கடைக்காரியை ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் கெஞ்சி வாங்கினாள், நான் உத்தரவு போட்டுவிட்டு வருகிறேன். அந்த நினைப்பிலேயே நடந்து வந்தேன்.

சொந்தக் காசில் சூனியம் வைப்பது என்பார்களே, அதுதான் அது. ஏனென்றால் வருகிற போயாவுக்குத் தேதி போட்ட பெரிய செக் ஒன்று ஏற்கனவே புறக்கோட்டை வியாபாரியின் கையில் இருந்தது. ஸ்கூல் தொடங்குகிற நேரத்துக்கு எடுத்த பேக் எல்லாம் அந்தச் செக்கில்தான் வந்தது. இனிமேல் கணக்கில் காசு இல்லாவிட்டால் வங்கி தன் காசைப் போடாது, செக் திரும்பிவிடும். இது என் மரமண்டையில் ஏறவில்லை.

போயா வந்தது, நல்ல வியாபாரம், மாலையில் காசை மெஷினில் போட்டேன். அடுத்த நாள் கடை திறந்து பேக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அதே அம்மா.

"மிஸ், செக் வந்திருக்கு. கணக்கில காசு போதாது. பதினொரு மணிக்குள்ள கொண்டு வந்து கட்டுங்க. இல்லாட்டி திரும்பும்."

"நேத்தே மெஷின்ல போட்டேனே!"

"அது மத்தியானத்துக்குப் பிறகுதான் ஏறும், மிஸ். முந்தின்னா ஓடி குடுத்திருப்போம். நீங்கதானே வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க?"

ஒரு தடவை செக் திரும்பினால் புறக்கோட்டையில் பெயர் கெட்டுவிடும். அதற்குப் பிறகு கையில் காசு வைத்தால்தான் சாமான். கையில் காசு வைத்துச் சாமான் எடுக்க முடிந்தால் நான் ஏன் போயாவைப் பார்த்துத் தேதி போடப் போகிறேன்? கடையை மூட வேண்டியதுதான்.

எங்கள் வரிசையில் கைமாற்றுக் கேட்பது புதிதில்லை. காலையில் வாங்கி மாலையில் கொடுப்போம். கோடியில் உள்ள இன்னொரு சப்பாத்துக் கடைக்கு ஓடினேன். "ஐயோ, எனக்கும் இன்னைக்குப் போயா செக்தானே" என்றார். பாத்திரக் கடையிலும் அதே பதில். எல்லோரும் ஒரே தேதியை எழுதியவர்கள், அன்றைக்குக் காலையில் எல்லோருடைய காசு லாச்சியும் காலி. வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் சம்பளம் வருகிற நாளைச் சொன்னார். மாதாவே, அந்த நேரத்தில் அந்த மனுஷனை என்ன செய்வது!

வரிசையில் அன்றைக்குக் கையில் காசு இருக்கக்கூடிய கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எது என்று எனக்குத் தெரியும். நேரத்தைப் பார்த்தேன். என் மானத்தையும் பார்த்தேன். பிறகு பலகைத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அவள் வெளியே போவதற்கு ஆயத்தமாகி, கைப்பையை எடுத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும், "என்னாக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்றாள்.

"என் செக் திரும்பப் போவுது." அழுதுவிட்டேன்.

அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். கைப்பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து என் கையில் வைத்தாள். "இத மொதல்ல கட்டுங்க. ஓடுங்கக்கா, மணி போவுது."

ஓட்டோவில் போகும்போதுதான் கவரைப் பிரித்தேன். அது அவளுக்கு வங்கி திருப்பிக் கொடுத்த காசும் சீட்டுக் காசும். எதைப் பார்த்து இத்தனை நாள் வயிறெரிந்தேனோ அதே காசு என் மடியில் கிடந்தது. அப்போதாவது மனம் அடங்கியதா? இல்லை. இப்படி நினைத்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கிற மாதிரி அவளால் இருக்க முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். வெட்கக்கேடு!

செக் பாஸ் ஆகிவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு மெஷின் காசும் கணக்கில் ஏறியது. எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கயோ போக நின்ன, போகலையா?" என்று கேட்டேன்.

"கம்பளைக்குத்தான். இன்னைக்கு பத்து மணி பஸ்ஸுல வந்தா அந்த மெஷின தாறேன்னு சொல்லியிருந்தாங்க. வேற ஒருத்தர் சல்லியோட வந்து தூக்கிட்டுப் போயிட்டாராம். பரவால்ல விடுங்க, வேற கெடைக்கும்."

கத்தரிக்கோலை நிறுத்தாமல்தான் சொன்னாள். ஆனால் வெட்டு கோட்டை விட்டு விலகிப் போனது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு கேக் கொண்டு வந்தப்ப என்னமோ சொல்ல வந்தியே, என்னா அது?"

"அதுவாக்கா? கேக்குறதுக்கு முந்தி போயா தேதி போட்ட செக்கையெல்லாம் மாத்திருங்கன்னு சொல்ல வந்தேன். நான் மொதல்ல அதத்தான் செஞ்சேன். நீங்கதான் கோவமா இருந்தீங்களே."

பிறகு அவளே என்னோடு வங்கிக்கு வந்தாள். அந்த அம்மாவிடம் அவள் அமைதியாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பல்லைக் காட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நாள் எடுத்தது, ஆனால் துண்டு இருந்த மாதங்களுக்கெல்லாம் எனக்கும் காசு திரும்பி வந்தது. அந்த விலைக்கு இன்னொரு ஓவர்லொக் மெஷின்தான் அவளுக்கு வாய்க்கவில்லை. இன்றைக்கும் உடுப்புக்களை மூட்டை கட்டி ஓரம் அடிக்க வெளியேதான் அனுப்புகிறாள்.

பொறாமை என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் கடையில் ஆள் நிறைந்தால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று குத்தும். ஆனால் அவளுக்கு ஒரு நல்லது நடந்தது என்று காதில் விழுந்தால், குத்திய கையோடு எழும்பிப் போய், "எப்படிச் செஞ்ச, சொல்லு" என்று கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு மனம் வராததற்கு, ஒரு குற்றமும் செய்யாத அவளல்லவா தன் மெஷினை இழந்தாள்.