நௌரின் அளந்த நீளம்

நௌரினின் வேலை போனதில் எனக்குப் பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் பூசி மெழுகியதாகிவிடும்.

கொச்சங்காடியில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருக்கும் சிகாபுதீனின் மகள் அவள். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இருபத்து மூன்று வயதில் எங்கள் கம்பெனிக்கு வந்தாள். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடி. முதல் வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே வேலை பார்த்தாள். முதலாளி ரமேஷ்பாபு பாலக்காட்டுக்காரர். நான் சங்கரி, தேனியிலிருந்து வந்து பதினொரு வருடமாகிறது. மற்றவர்கள் செய்வதைச் சோதித்துப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை.

ஐஸ் பிளான்ட்களில் குளிருக்காக அம்மோனியா ஓடும். கசிந்தால் கண்ணும் நெஞ்சும் போய்விடும். அந்தக் கசிவைக் கண்டுபிடிக்கும் பெட்டிகளை நாங்கள் சுவரில் பொருத்துகிறோம். பெட்டி மொபைல் நெட்வொர்க் வழியாக எங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பும். கசிவென்றால் சர்வர் உடனே அங்கே இருப்பவர்களின் போனில் அலாரம் அடிக்கும்.

இதில் நௌரினின் பொறுப்பு, வருவதை வெட்டிப் பிரிப்பது. பெட்டி தனித்தனியாக அனுப்பினாலும் நெட்வொர்க் அப்படிக் கொண்டுவந்து தராது. மூன்று செய்தி ஒட்டிக்கொண்டு வரும். ஒரே செய்தி இரண்டு துண்டாகவும் வரும். எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. அவள்தான் ஒருநாள் சாயா குடிக்கும்போது புரியவைத்தாள்.

"சேச்சி, அத்தா கடைக்குத் துணி ரோலாத்தான வருது? இங்க ஒரு சட்டை முடிஞ்சிதுன்னு அதுல கோடு உண்டா? அளந்துதான வெட்டணும். இதும் அதே பணிதான்."

ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அதன் நீளத்தைப் பெட்டி எழுதி அனுப்பும். நௌரினின் புரோகிராம் அந்த எண்ணைப் படித்து, அவ்வளவும் வந்து சேரும்வரை பொறுத்திருந்து, சரியாக அந்த இடத்தில் வெட்டும். மூன்று வருடத்தில் ஒரு செய்தியைக்கூட அவள் தப்பாக வெட்டியதில்லை. நான் சோதித்தவள், எனக்குத் தெரியும்.

தப்பு பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கான புரோகிராம் ரமேஷ்பாபு தன் கையால் எழுதியது. அதனாலேயே அதை யாரும் தொடக்கூடாது. அவர் நீளத்தை எழுத்துகளை எண்ணிப் போட்டிருந்தார். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு மெஷினில் ஓர் இடம் போதும் என்பதால் கணக்கு சரியாகவே வந்தது. நானும் 'ரூம் ஒன்', 'ரூம் டூ' என்று இங்கிலீஷில் பெயர் கொடுத்துத்தான் சோதித்தேன். பேசுவது தமிழும் மலையாளமும், கம்ப்யூட்டரில் பெயரென்றால் இங்கிலீஷ். எங்கள் எல்லோருக்கும் அது பழக்கம்.

போன வருடம் ஒரு ஐஸ் பிளான்ட்டின் ஆட்கள், அலாரத்தில் எந்த அறை என்று மலையாளத்தில் வரவேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான ஆசை. ரமேஷ்பாபு அறைப் பெயர்களை மலையாளத்தில் அடித்துக் கொடுத்தார். மலையாள எழுத்து ஒன்றுக்கு மூன்று இடம் வேண்டும். பெட்டி நாற்பது என்று தலையில் எழுதிவிட்டு எழுபது அனுப்பியது. நாற்பதில் வெட்டினால் செய்தி பாதியில் நிற்கும். மிச்சம் குப்பை. இதில் கொடுமை என்னவென்றால், 'எல்லாம் நலம்' என்று நிமிடத்துக்கு ஒன்றாக வரும் செய்தியில் பெயரே கிடையாது. அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பெயர் இருப்பது கசிவுச் செய்தியில் மட்டும்.

புதுப் பெயரோடு ஒரு கசிவுச் செய்தியை அனுப்பிப் பார்த்து, நௌரின் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். சாயா மேஜையில் அவள், ரமேஷ்பாபு, நான் என்று மூன்று பேர்தான் இருந்தோம்.

"சார், பெட்டியில எண்ணுறதை மாத்தணும். அதுவரை செய்தி உடைஞ்சு வந்தா ஸ்கிரீன்ல சிவப்பாக் காட்டலாம்."

"சிவப்பு கண்டா வாங்கினவன் பேடிச்சுப் போவான், நௌரின். ஓணம் கழியட்டும். எல்லாப் பெட்டியும் ஒண்ணா இறக்கி சரியாக்கலாம். அதுவரைக்கும் உடைஞ்சது வந்தா மிண்டாம, சத்தம் காட்டாம தள்ளிவிட்டுட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லு."

"உடைஞ்சு வர்றதே கசிவுச் செய்திதான, சார்?"

"மூணு வருஷத்துல ஒரு கசிவு உண்டாச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாயாவைப் பார்த்தேன். தள்ளிவிடச் சொல்லும் அந்த ஒரு வரியை அவள் புரோகிராமில் எழுதினாள். நான் இங்கிலீஷ் பெயரைக் கொடுத்துச் சோதித்து 'சரி' போட்டேன்.

ஓணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்தப் பிளான்ட்டில் குழாய் கசிந்தது. பெட்டி நாலு தடவை செய்தி அனுப்பியிருக்கிறது. நாலையும் எங்கள் சர்வர் தள்ளிவிட்டது. ஸ்கிரீன் பச்சையாகவே இருந்தது. உள்ளே ஐஸ் கட்டி இழுத்துக்கொண்டிருந்தவள் ஒச்சம்மாள், உசிலம்பட்டிக்காரி. உயிர் மிஞ்சியது. சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேச மூச்சு மிஞ்சவில்லை.

விசாரணைக்குப் பிளான்ட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரமேஷ்பாபு அவர்கள் முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஒரு வரியைக் காட்டினார். பக்கத்தில் தேதியும் நௌரினின் பெயரும் இருந்தன. கையைக் கழுவ அவருக்கு அது போதும்.

"சார் சொல்லித்தான் எழுதினேன்," என்றாள் நௌரின். "சங்கரி சேச்சிகிட்டக் கேளுங்க. அவங்க அப்ப கூடத்தான் இருந்தாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. இந்த மாடியை விட்டால் இந்த ஊரில் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற நினைப்புதான் ஓடியது. ஒச்சம்மாளைப் பற்றி நினைக்கவே இல்லை. என் வாய் தமிழில் திறக்க மறுத்தது.

"எனிக்கு ஓர்மையில்ல," என்றேன்.

ஞாபகமில்லை என்பதை மலையாளத்தில் சொன்னதால் அது பொய் இல்லையென்று ஆகிவிடுமா? நௌரின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதற்கப்புறம் அவளைக் கவனக்குறைவான ஊழியர் என்று எழுதி ஊர் முழுக்க அனுப்பினார்கள். எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. ஓணம் முடிந்து பெட்டிகளை இறக்கினோம். அவள் சொன்ன திருத்தத்தை அப்படியே போட்டோம். அதன் பக்கத்தில் ரமேஷ்பாபுவின் பெயர் இருக்கிறது. சோதித்து 'சரி' போட்டது நான்.

எட்டு மாதம் கழித்து, போன வாரம்தான் கொச்சங்காடிக்குப் போகும் தைரியம் வந்தது. கடையில் அவள்தான் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த நான், அவள் முகத்தைக் கண்டதும் பிளவுஸ் துணி கேட்டேன்.

அவள் ரோலைப் பிரித்து, மேஜையில் வைத்து அளந்து, வெட்டினாள். நீளத்தை ஒரு சீட்டில் எழுதித் துணியில் குத்தினாள். பிறகு துணியையும் அளவுகோலையும் சேர்த்து என் பக்கம் நகர்த்தினாள்.

"சேச்சியே ஒரு தடவை அளந்து பாத்துக்கோங்க. அப்புறம் தப்பு எம் பேருல வரக்கூடாது."

கடையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் அளவுகோலை எடுத்து அளந்தேன்.