கக்கூஸ் கயிறு

இது நடந்தது. என் வீட்டுக்காரர் விஜிதரன் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். அவர் வேலை செய்கிற கொழும்புக் கடையில் கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது.

நான் அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி லோஜினி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள் என்றார்கள். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், மாமியார் பேச்சியம்மாவோடு இருக்கிறேன். மாமியாரை 'அவர்' என்று எழுத வேண்டும். எனக்கு வரவில்லை.

எங்கள் கக்கூஸ் லயத்துக்குக் கீழே, தேயிலை ஓரத்தில். தை மாதத்தில் அங்கே போவது தண்டனை. வாளித் தண்ணீர் பட்டால் தோல் எரியும், கால் மரத்துப்போகும். கதவு உள்பக்கமாகத் திறக்கும், தாழ்ப்பாள் கிடையாது. கதவு ஓட்டையில் ஒரு கயிறு, உள்ளே பெரிய முடிச்சு. துணைக்கு வருகிறவள் வெளியே நின்று கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவள் "இருக்கியா?" என்று கேட்டால் அவள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வேறு எதுவோ அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளுமாம். அதனால் கயிற்றைத் தளர்த்தி இரண்டு தடவை சுண்டுவாள். முடிச்சு பலகையில் இடிக்கும். டொக்… டொக்.

அன்று எனக்கு வயிற்றோட்டம். மூன்றாவது தடவையாக அவளை எழுப்பினேன். விடிந்தால் அவள் கொழுந்தெடுக்கப் போக வேண்டும்.

"இன்னைக்கு ஒனக்கு இருக்குடி" என்றபடி வந்தாள்.

மணி 3.40. உள்ளே போனேன். கயிறு இறுகியது. தகரச் சுவர் இடுக்கில் டோர்ச் வெளிச்சம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

"இருக்கீங்களா அத்த?"

டொக்… டொக்.

நிம்மதியாக இருந்தது. கழுவிவிட்டுக் கதவை இழுத்தேன். அசையவில்லை.

"முடிஞ்சிருச்சு, விடுங்க."

டொக்… டொக்.

கெஞ்சினேன். அழுதேன். விரல் நுனிகள் விறைத்தன. இப்படியே விட்டால் செத்துவிடுவேன்.

டொக்… டொக்.

சத்தம் வெளியே இல்லை. என் காதருகே…

இருட்டில் முடிச்சைத் தேடித் தடவினேன்.

முடிச்சு அகப்படவில்லை.

விரல்கள்…

என்னுடையதைவிடக் குளிர்ந்த விரல்கள்.

விடியும் முன் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு வந்து திறந்தார். கயிறு வெளியே கம்பத்தில் கட்டியிருந்ததாம். உள்ளே முடிச்சு பலகையோடு அழுந்திக் கிடந்தது. இடிக்க வழியே இல்லை. பேச்சியம்மா கட்டிவிட்டு அப்போதே போய்ப் படுத்துவிட்டாள்.

அம்மாக்கண்ணு தன் கம்பளியை என்மேல் போர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"லோஜினி காச்சல்ல சாகல புள்ள. போன பனிக்கு அவளையும் இப்படித்தான் கட்டிப்போட்டா. காலையில நாந்தான் தூக்குனேன். அவ கை முடிச்ச இறுக்கிப் புடிச்சிருந்துச்சு. வெரல பிரிக்கவே முடியல."

போக்கிடம் இல்லாமல் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். பேச்சியம்மாவுக்கு இப்போது சீனி வியாதி. இரவில் அடிக்கடி போக வேண்டும். கயிறு பிடிப்பது நான்.

"இருக்கியாடி?" என்பாள்.

நான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பேன்.

டொக்… டொக்.

அவளுக்கு நிம்மதி.

தை மாதம் வருகிறது.