தொட்டியில் கல்லுப்பு

எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டியில் என்றைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டார்கள் என்று தேதியோடு குறித்து வைப்பவன் நான். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. மழை முடிந்து தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டிருந்த சமயம், ஜமுனாமரத்தூர் ஒன்றிய அலுவலகத்திலிருந்து பவுடர் வரவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கவலைப்பட்டார். நான் என் வாசிப்பைக் காட்டினேன்.

"குளோரின்தாங்க்கா கிருமியக் கொல்லுது. நம்ம உப்புலகூட குளோரின் இருக்கு."

மறுநாள் காலை குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. அக்கா அரை மூட்டை கல்லுப்பைக் கொட்டியிருந்தார்.

குடங்களோடு நின்றவர்களிடம் விளக்கினேன். உப்பில் உள்ள குளோரின், சோடியத்திடம் ஓர் எலக்ட்ரானை வாங்கி அயனியாகித் திருப்தியாக உட்கார்ந்துவிட்டது. அது கிருமியைத் தொடாது. பவுடரில் உள்ளதோ இன்னும் எலக்ட்ரானுக்கு அலைகிறது, கிருமியிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது.

"இத நேத்தே சொல்றதுக்கு இன்னாங்க?" என்றார் அக்கா.

தொட்டியைத் திறந்து உப்புத் தண்ணீரை வெளியேற்றினோம். பவுடர் வரும்வரை ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி வீடு வீடாகச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா கேட்டார்: "காய்ச்சினா மட்டும் போதுமா சார், இல்ல வேற எதுனா போடணுமா?"

"காய்ச்சினா போதும்மா" என்றேன். அயனியைப் பற்றி வாயே திறக்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.