ஈரலில் கொழுப்பு

எனக்குக் கொழுப்பு அதிகம் என்று சின்ன வயதிலிருந்தே பலர் சொல்லியிருக்கிறார்கள். வாத்தியார்கள், மாமனார், பால் சொசைட்டி செகரட்டரி என்று வரிசை கொஞ்சம் நீளம். ஸ்கேன் எடுத்து நிரூபித்தவர் மட்டும் கோயமுத்தூர் டாக்டர்தான்.

"உங்க ஈரல் பூராக் கொழுப்பு. இதை வெட்டி அண்ணனுக்கு வைக்க முடியாது. பன்னிரண்டு கிலோவாவது குறைச்சுட்டு வாங்க, மறுபடி பார்ப்போம்" என்றார்.

பக்கத்தில் இருந்த அண்ணன் மஞ்சள் பூத்த கண்ணோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, வாயில இருக்கறது பத்தாதுன்னு ஈரல்லயும் சேத்து வெச்சிருக்கியா?"

அண்ணனுக்கு ஈரல் சுருங்கிவிட்டது. கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு கள்ளுக்கடை வரும். அண்ணன் ஒன்றிலும் நுழைந்ததில்லை. அவருக்கும் சேர்த்து நான் நுழைந்திருக்கிறேன். ஆனால் கெட்டது அவர் ஈரல். சர்க்கரை வியாதியால் வந்தது என்றார்கள். அண்ணியின் ரத்தம் சேரவில்லை, பிள்ளைகள் இருவரும் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத சிறுசுகள். மிச்சம் நான்தான். நான் இளைத்தால் அண்ணன் பிழைப்பார். இளைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் வாரம் தனியாக முயன்றேன். அரைக் கிலோ ஏறியது. கவலையில் தின்றுவிட்டேன்.

செய்தி கேட்டு, முதலமடையில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் என் சிநேகிதர் வந்தார். அளவில் எனக்குச் சளைக்காதவர். "நீ ஒருத்தன் பட்டினி கெடந்தா திருடித் தின்னுருவே மாப்ளே. எல்லாருமாக் கெடக்கலாம்" என்றார். ரிட்டயராகிவிட்ட மலையாள வாத்தியார் மாஷும், சொசைட்டிக்குப் பால் ஊற்றும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். விடிந்ததும் பாலை ஊற்றிவிட்டு வாய்க்கால் மேட்டில் ஐந்து பேரும் நடப்போம். நாய்க்காக மாஷ் ஒரு கம்பு கொண்டுவருவார். பெரும்பாலும் அது என் முதுகுக்குத்தான் பயன்பட்டது. மாஷ் சர்க்கரையை விட்டார், மண்டிக்காரர் புரோட்டாவை விட்டார், மற்ற இருவரும் ராத்திரிச் சோற்றை விட்டார்கள். நான் எல்லாவற்றையும் விட்டேன்.

ஊரிலும் சொல்லி வைத்துவிட்டார்கள். ஒரு நாள் தாங்க முடியாமல் பேக்கரியில் பப்ஸ் கேட்டேன். "ஏனுங்க, உங்களுக்குக் குடுத்துப்போட்டு உங்கண்ணனக் கொன்ன பாவத்த நான் சொமக்கோணுமுங்களா?" என்று கடைக்காரர் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது.

வாரம் ஒரு நாள் மாங்காய் மண்டித் தராசில் எடை பார்ப்போம். எடை இறங்காத ஒரு வாரம் மாஷ் சந்தேகமாகக் கேட்டார்: "ஒளிச்சு வல்லதும் கழிச்சோ?"

மாஷுக்கு வல்லதும் என்றால் ஏதாவது, கழிப்பது என்றால் சாப்பிடுவது. மண்டிக்காரருக்குக் கழிப்பது என்றால் அழுகலுக்கும் கூடைக்கும் எடையைக் குறைப்பது. "கழிச்சர்லாமுங்க மாஷே. இவன் வாய்க்கு மட்டும் ரெண்டு கிலோ கழிக்கலாம்" என்றார். மண்டியில் மாங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

வீட்டில் இன்னொரு தராசு இருந்தது. அண்ணனையும் தினம் நிறுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். என் எடை இறங்க இறங்க அவருடையது ஏறியது. கை கால் குச்சியாகிப் போக, வயிற்றில் மட்டும் நீர் கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி குத்தி நீரை வடித்துவிட்டு வருவார். சில நாளில் வயிறு திரும்பவும் பானையாகிவிடும். பார்க்க வந்தவர்கள் வாசலில் என்னைக் கண்டு, "அட, நல்லா எளச்சுட்டீங்களே!" என்று முதுகில் தட்டுவார்கள். உள்ளே போய், "இப்படி எளச்சுப் போயிட்டீங்களே" என்று கையால் வாயைப் பொத்துவார்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சொல்.

மண்டிக்காரர் என்னைவிட வேகமாக இளைத்தார். அவர் ஈரல் அந்நேரம் கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். ரத்தம்தான் வேறு.

ஒரு மத்தியானம் அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருங்க?"

"நான்தாங்கண்ணா."

"என்ற தம்பி நல்லாக் குண்டா இருப்பானுங்க. பால் ஊத்தப் போயிருக்கறான். வந்துருவான், உக்காருங்க."

ஈரல் கெட்டால் புத்தியும் தடுமாறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உட்கார்ந்தேன். தம்பி வரட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்து அண்ணனைக் கோயமுத்தூரில் சேர்த்தோம். அதற்குள் நான் டாக்டர் சொன்ன எடைக்கு வந்திருந்தேன். மண்டிக்காரரின் ஆம்னி வேனில் நான்கு பேருமாக என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப் போவது போலக் கூட்டிப் போனார்கள். ஸ்கேன் முடிந்து அண்ணியும் நானும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

"உங்க ஈரல் இப்ப அருமையா இருக்கு" என்றார் என்னிடம். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார். வயிற்று நீரிலிருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, கிட்னியும் செயலிழந்து வருகிறது, இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது.

"அப்பறம் எப்பங்க பண்ணுவீங்க?" என்றார் அண்ணி.

"இனி வலியில்லாமப் பார்த்துக்கலாம்மா."

கீழே வேன் பக்கத்தில் நால்வரும் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் மண்டிக்காரர் தூரத்திலிருந்தே கத்தினார்: "பாஸா மாப்ளே?"

"பாஸ்" என்றேன்.

அவர் விசில் அடித்தார். மாஷ் என்னைக் கட்டிக்கொண்டார். ஒருவர் ஓடிப்போய் கேன்டீனிலிருந்து பொட்டலம் நிறைய வடை வாங்கிவந்தார். "தின்னு, இன்னைக்கு எவனுங் கேக்கமாட்டான்" என்று மண்டிக்காரர் ஒன்றைத் தன் வாயிலும் போட்டுக்கொண்டார்.

"அண்ணனுக்கு இனி ஈரல் வேண்டாமாம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். இந்த மாதிரிப் பேச்சைத்தான் இத்தனை வருடமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "உன்ற வாயிருக்குதே" என்றார் மண்டிக்காரர். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் மாஷ் நிறுத்தினார். அவர் என் முகத்தைப் பார்ப்பதைப் பார்த்து மற்ற இருவரும் நிறுத்தினார்கள். மண்டிக்காரருக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. வாயிலிருந்த வடையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

மேலே அண்ணி தனியாக இருந்தார். லிஃப்டில் கூட்டம். படியிலேயே ஏறினேன். ஐந்தாவது மாடி. மூச்சு வாங்கவே இல்லை.