படுதாக் கடலும் பட்டணத்துக் கடலும்

வெளியே உட்கார வைத்துப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில், மாணவர்கள் காகிதத்தைப் பார்ப்பார்கள், வாத்தியார் வானத்தைப் பார்ப்பார், ஊரே வாத்தியாரைப் பார்க்கும். இதில் அடிபட்டவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ராத்திரியில் நான் நாடகக் கம்பெனிக்குப் படுதா, அதாவது மேடையின் பின்திரை, எழுதுகிறவன். யாரிடமும் கற்றதில்லை. நாற்பது கடலாவது எழுதியிருப்பேன். கடலை மட்டும் பார்த்ததில்லை. வெளியே தெரிந்தால் நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு கலைந்துவிடும். ராத்திரியெல்லாம் துணியோடு பேசுகிறவனுக்கு, மனித முகம் பார்க்க அந்த ஒரு பகல்தான்.

அல்சூர் சமுத்திரம்

முதலில் எங்கள் ஊர் அல்சூர் ஏரிக்கரையில் கடல் வரையப் பழக்கினேன். "எதிர்க்கரையை விட்டுவிடுங்கள், கடல் வந்துவிடும்" என்றேன். வகுப்பில் சேர்ந்திருந்த பள்ளிக்கூட டீச்சர் ஸ்டெல்லாவின் அலை நடுவே ஓர் எருமை படுத்திருந்தது. கடலில் எருமை ஏது, எடுங்கள் என்றேன்.

"நான் எடுத்துடுவேன் சார், அது எழுந்து போவ மாட்டேங்குதே!"

வேர்க்கிற வானம்

ஒருநாள் எல்லோருமாக ரயிலேறிச் சென்னைக்கே போய்விட்டோம். கடலைக் கண்டதும் எனக்குத் தலை சுற்றியது. அது அசைந்தது! நான் எழுதியதெல்லாம் ஆணியடித்த கடல். அந்தக் கிறக்கத்தில், "இவ்வளவு தண்ணீர் இருக்க, சொம்பு எதற்கு?" என்று கடல் நீரிலேயே வர்ணம் குழைக்கச் சொல்லிவிட்டேன். உப்பு ஈரத்தை விடாததால் மத்தியானம் வரை ஒரு காகிதமும் காயவில்லை. மாணவர்களில் மூத்தவர், சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற முதலியார், தம் படத்தைத் தொட்டு விரலை நீட்டினார்.

"மேஷ்ட்ரே, என் வானம் இன்னும் வேர்க்குது."

சூரியனுக்காகக் காத்திருந்தது

என் படுதாவில் சாயங்காலச் சூரியன் கடலில்தான் இறங்கும். ஆகவே எல்லோரையும் ஆரஞ்சு குழைத்துக் கடலைப் பார்க்க உட்கார வைத்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது, கடல் பக்கம் சூரியன் வரவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த செம்படவர் சிரித்தார்: "அது காலையில இந்தப் பக்கம் வரும்யா. இப்ப உங்க முதுகுக்குப் பின்னால போவுது பாரு!"

எல்லோரும் திரும்பினோம். வீடுகளுக்கு நடுவே சூரியன் பாதி இறங்கியிருந்தது. முதலியார் மெதுவாகக் கேட்டார், இதற்கு முன் கடல் பார்த்ததுண்டா என்று. இல்லை என்றேன். இத்தோடு வகுப்பு கலைந்தது என்றே நினைத்தேன். ஸ்டெல்லா மணலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நாங்க மட்டும் பார்த்திருக்கோமா சார்? நீங்க திட்டுவீங்கன்னு எல்லாரும் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்!"

ஊர் திரும்பியும் நாடகப் படுதாவில் சூரியனைக் கடலிலேயே இறங்கவிட்டேன், கம்பெனி முதலாளியும் கடல் பார்க்காதவர்தானே.